பாட்டிலுக்குள் இருப்பது கிராபீனா, கிராஃபைட் தூளா?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தலைப்புகளை ஒருமுறை வரிசையா எடுத்துப் பாருங்க. மெக்கானிக்கலோ, ட்ரிபிள் ஈயோ, சிவிலோ, எந்த டிபார்ட்மென்ட் ஆனாலும் ‘கிராபீன்’ என்ற வார்த்தை எங்கேயாவது எட்டிப் பார்க்கும். வாழைத்தோலில் இருந்து கிராபீன், சிரட்டையில் இருந்து கிராபீன் சூப்பர் கெபாசிட்டர், கிராபீன் கலந்த கான்கிரீட். ரிவ்யூ அன்றைக்கு ஒரு சின்ன பாட்டிலில் கறுப்புத் தண்ணீர் வரும். எல்லாரும் அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள், தலையாட்டுவார்கள், அடுத்த டீமைக் கூப்பிடுவார்கள். அந்தத் தண்ணிக்குள்ள மிதக்கிறது நிஜமாவே கிராபீன்தானா என்ற கேள்வி மட்டும் வராது.

இது நம்ம ஊர்ப் பிரச்சனை மட்டும் இல்லை. 2018-ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகக் குழு ஒன்று, உலகம் முழுக்க ‘கிராபீன்’ என்று லேபிள் ஒட்டி விற்கும் 60 தயாரிப்பாளர்களின் சரக்கை வாங்கிச் சோதித்து ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. பெரும்பாலான சாம்பிள்களில் கிராபீன் 10 சதவீதம்கூடத் தேறவில்லை. பாதியைத் தாண்டியது ஒன்றுகூடக் கிடையாது. மிச்சம் எல்லாம் பொடியாக்கிய கிராஃபைட். பணம் கொடுத்து வாங்குகிற சரக்கே இந்த லட்சணம் என்றால், நாம் லேபில் ஒரு வாரத்தில் செய்வது எப்படி இருக்கும்?

ஏன் இப்படி ஆகிறது என்பதைப் புரிந்துகொள்ள, கரைசலில் வைத்து ஒற்றை அணுத் தடிமன் தகடு செய்வது என்றால் என்ன என்று முதலில் பார்த்துவிடலாம்.

கிராஃபைட் என்பது கார்பன் அணுக்களின் தேன்கூட்டு வலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட கட்டு. ஒரு வலைக்கும் அடுத்த வலைக்கும் இடைவெளி 0.335 நானோமீட்டர். கணக்குப் போட்டால் 1 மில்லிமீட்டர் கனமுள்ள கிராஃபைட்டில் சுமார் 30 லட்சம் அடுக்கு. அதில் ஒரே ஒரு அடுக்கைத் தனியாக எடுத்தால் அதுதான் கிராபீன். எவ்வளவு மெல்லிசு என்று புரிய வேண்டுமானால் நம்ம ஊர்க் கணக்கிலேயே சொல்றேன். ஒரு கிராம் கிராபீனை ஒற்றை அடுக்காக விரித்தால் 1,315 சதுர மீட்டர் வரும். அதாவது 32 சென்ட். சின்னமனூர்ப் பக்கம் ஒரு சிறு விவசாயியின் வாழைத் தோட்டத்தை ஒரு கிராம் கரியால் மூடிவிடலாம். காகிதத்தில் மட்டும்.

கிராஃபைட்டுக்காக நாம் ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. தேனியில் இருந்து மதுரை வழியாகச் சிவகங்கைக்குப் போனால் அங்கே தமிழ்நாடு கனிம நிறுவனத்தின், நாம் டாமின் என்று சொல்கிறோமே அதன், கிராஃபைட் சுரங்கம் இருக்கிறது. கிடைப்பது செதில் வகை கிராஃபைட். வெட்டி எடுக்கும் பாறையில் பெரும்பங்கு வெறும் கல்தான். அதை அரைத்துத் தண்ணீரில் போட்டு, எண்ணெய் சேர்த்து, காற்றை ஊதி நுரை கிளப்புவார்கள். கிராஃபைட்டுக்குத் தண்ணீர் பிடிக்காது, அதனால் குமிழியோடு ஒட்டிக்கொண்டு மேலே வந்துவிடும். கல் அடியில் தங்கிவிடும். இந்தத் ‘தண்ணீர் பிடிக்காத’ குணத்தை ஞாபகம் வச்சுக்கங்க. சுரங்கத்தில் நமக்கு உதவுகிற அதே குணம்தான் லேபில் நம்மை அலைய விடப்போகிறது. கடல் தாண்டினால் இலங்கையில் போகல, ககட்டகஹ சுரங்கங்களில் நரம்பு நரம்பாகக் கிடைக்கும் கிராஃபைட் இன்னும் சுத்தம். அதை வைத்து அங்கே கிராபீன் தயாரிக்கவே ஒரு கம்பெனி நடக்கிறது.

சரி, கட்டை எப்படிப் பிரிப்பது? வாழை இலைக் கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு இலைக்குள் நார் உறுதியாகப் பிணைந்திருக்கும். இலைக்கும் இலைக்கும் நடுவே எந்தக் கட்டும் கிடையாது, ஈரத்தில் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். கிராஃபைட்டும் அப்படியே. அடுக்குகளுக்கு இடையே இருப்பது வான்டெர்வால்ஸ் இழுப்பு மட்டும். ஒவ்வொரு அணுவிலும் அந்தப் பிடி பலவீனமானது. ஆனால் ஒரு தகட்டில் கோடிக்கணக்கான அணுக்கள் இருப்பதால் மொத்தமாகச் சேர்ந்தால் லேசில் விடாது. 2004-ல் மான்செஸ்டரில் ஆண்ட்ரே கைமும் கோன்ஸ்டான்டின் நோவோசெலோவும் செலோ டேப்பை ஒட்டி ஒட்டிப் பிய்த்து ஒற்றை அடுக்கைத் தனியாகக் காட்டினார்கள். 2010-ல் நோபல் பரிசு. டேப் வேலை ஆராய்ச்சிக்குச் சரி. கிலோ கணக்கில் வேண்டும் என்றால் திரவத்துக்குள்தான் இறங்க வேண்டும்.

நேரான வழி, கிராஃபைட் தூளை ஒரு திரவத்தில் போட்டு அலசோனிக் அதிர்வு கொடுப்பது. 2008-ல் டப்ளின் ட்ரினிட்டி காலேஜில் ஜோனதன் கோல்மன் குழு இதைச் செய்து காட்டியது. இதில் சூட்சுமம் எந்தத் திரவம் என்பதில் இருக்கிறது. தகடுகள் ஒன்றையொன்று எவ்வளவு விரும்புகின்றனவோ, ஏறக்குறைய அதே அளவுக்குத் திரவமும் தகட்டை விரும்பினால் பிரிப்பதற்கான சக்திச் செலவு குறைந்துவிடும். என்-மெத்தில் பைரோலிடோன் என்ற கரைப்பானின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு சுமார் 40 மில்லிநியூட்டன், கிராஃபைட்டுக்குப் பொருந்துகிறது. தண்ணீருக்கு 72, பொருந்தாது. ஆனால் தண்ணீரோடு சோப்பு சேர்த்தால் பொருத்தலாம். 2014-ல் அதே குழு பாத்திரம் கழுவும் திரவத்தையும் வீட்டு மிக்ஸி மாதிரியான பிளெண்டரையும் வைத்தே கிராஃபைட்டைப் பிரித்துக் காட்டியது. ஒரு சின்ன எச்சரிக்கை: முதலில் சொன்ன அந்தக் கரைப்பான் கருவைப் பாதிக்கக்கூடியது என்று வகைப்படுத்தப்பட்டது. ஃபியூம் ஹூடும் கிளவுஸும் இல்லாமல் திறக்காதீர்கள்.

இங்கேதான் கறுப்பு பாட்டிலின் ரகசியம் இருக்கிறது. அதிர்வு முடிந்ததும் பாட்டில் கன்னங்கரேல் என்று இருக்கும். அதை சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் பிரியாத கிராஃபைட் அடியில் படிந்துவிடும். மேலே நிற்பது வெளிறிய சாம்பல் நிறத் தண்ணீர். 2008 ஆய்வில் அந்தத் தண்ணீரில் இருந்தது மில்லிலிட்டருக்கு 0.01 மில்லிகிராம். போட்ட கிராஃபைட்டில் ஒற்றை அடுக்காக வந்தது எடைக்கு சுமார் 1 சதவீதம். மீதி 99 பங்கைக் கொட்டவோ, திரும்பப் போடவோ வேண்டும். சென்ட்ரிஃபியூஜ் போடாமல் விட்டால் பாட்டில் கறுப்பாக, கெத்தாக இருக்கும், ‘ஈல்டு’ நூற்றுக்கு நூறு என்று எழுதலாம். உள்ளே இருப்பதோ கிராஃபைட். விற்பவர்களுக்கும் சரி, ப்ராஜெக்ட் செய்பவர்களுக்கும் சரி, அந்த ஒரு ஸ்டெப்பைத் தவிர்க்கத்தான் ஆசை வரும். என்னைக் கேட்டால் பாட்டில் எவ்வளவு கறுப்போ அவ்வளவு சந்தேகப்பட வேண்டும்.

காலேஜ் லேபுகளில் அதிகம் நடப்பது இன்னொரு வழி: ஹம்மர்ஸ் முறை. கிராஃபைட்டை முதலில் ஆக்சிஜனேற்றம் செய்வது, தண்ணீரில் பிரிப்பது, பிறகு ஆக்சிஜனை எடுத்துவிடுவது. கதை பழசு. 1859-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பெஞ்சமின் பிராடி, பொட்டாசியம் குளோரேட்டையும் புகையும் நைட்ரிக் அமிலத்தையும் வைத்து கிராஃபைட்டை ஆக்சிஜனேற்றினார். 1958-ல் வில்லியம் ஹம்மர்ஸும் ரிச்சர்ட் ஆஃப்மனும் அடர் கந்தக அமிலம், சோடியம் நைட்ரேட், பொட்டாசியம் பெர்மாங்கனேட் என்று மாற்றினார்கள். ஆக்சிஜன் குழுக்கள் அடுக்குகளுக்கு நடுவே முளைத்து இடைவெளியை 0.335-ல் இருந்து சுமார் 0.8 நானோமீட்டருக்கு விரிக்கின்றன. தண்ணீர் பிடிக்காத பொருள் தண்ணீரை விரும்பும் பொருளாக மாறுகிறது. கொஞ்சம் அதிர்வு கொடுத்தால் போதும், ஒற்றை ஒற்றையாகப் பிரிந்து தேன் நிறத்தில், பழுப்பாக மிதக்கும். இதுதான் கிராபீன் ஆக்சைடு. உண்மையிலேயே ஒற்றை அடுக்கு வேண்டும் என்றால் திரவ வழிகளில் இது கைகொடுக்கிற வழி. அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் இது கொஞ்சம் ஏமாந்தாலும் முகத்தில் வெடிக்கிற வழியும்கூட. பெர்மாங்கனேட் அடர் கந்தக அமிலத்தில் விழுந்ததும் கலவை பச்சை அடிக்கும். அந்தப் பச்சை, மாங்கனீஸ் ஹெப்டாக்சைடும் அதன் உறவுகளும். இந்த ஹெப்டாக்சைடு 55 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வெடிக்கக்கூடியது. கரிமப் பொருள் பட்டாலும் வெடிக்கக்கூடியது. பீக்கரை அசிட்டோனில் அலசிவிட்டு ஈரத்தோடு எடுத்து வந்தால் அதுவே போதும். அதனால்தான் பெர்மாங்கனேட்டைச் சிட்டிகை சிட்டிகையாக, ஐஸ் பாத்தில், 20 டிகிரிக்குக் கீழே வைத்துப் போட வேண்டும் என்று 1958 கட்டுரையிலேயே இருக்கிறது. ஏப்ரல், மே வெயிலில் நம் பக்கம் லேப் அறையே 35 டிகிரியைத் தொடும். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த ஒரு தட்டு ஐஸ் கால் மணி நேரத்தில் தண்ணியாகிவிடும். மூட்டையாக ஐஸ் வாங்கி வைத்துக்கொண்டு, தெர்மாமீட்டரைக் கலவைக்குள்ளேயே விட்டுப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டிய வேலை இது. வெளியே இருக்கிற ஐஸின் வெப்பநிலையைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்ளக் கூடாது.

அடுத்த ஸ்டெப்பும் சாதாரணம் இல்லை. ‘அமிலத்தில் தண்ணீரை ஊற்றாதே, தண்ணீரில் அமிலத்தை ஊற்று’ என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, ஹம்மர்ஸ் முறை அந்த விதியையே மீறுகிறது. அடர் அமிலக் கலவையில் நாமே தண்ணீரை ஊற்றுகிறோம், வெப்பம் 98 டிகிரி வரை ஏற விடுகிறோம். சொட்டுச் சொட்டாகத்தான் ஊற்ற வேண்டும். அப்போது பெர்மாங்கனேட் பெரும்பாலும் தீர்ந்திருக்க வேண்டும் என்பது மறைவான நிபந்தனை. முதல் கட்டத்தில் அவசரப்பட்டால் இரண்டாவது கட்டத்தில்தான் ஆபத்து வெளியே வரும். கடைசியில் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டதும் கலவை பளீரென்று மஞ்சளாகும். மிச்ச மாங்கனீஸ் கரைந்துபோகிறது. சோடியம் நைட்ரேட் போட்டால் பழுப்பு நிற நச்சுப்புகை வேறு வரும். 2010-ல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டூர் குழு அதை நீக்கிவிட்டு, கந்தக அமிலத்தோடு ஒன்பதுக்கு ஒன்று விகிதத்தில் பாஸ்பாரிக் அமிலம் சேர்த்தது. இன்றைக்கு ஆரம்பிக்கிற எவரும் அந்த வழியில் போவதுதான் புத்திசாலித்தனம். அதிலும் பெர்மாங்கனேட் உண்டு, அதனால் ஐஸுக்கு விடுமுறை கிடையாது.

பிறகு கழுவும் படலம். யூடியூப் வீடியோக்களில் இது ஐந்து நொடி. நிஜத்தில் நாள்கணக்கு. அமிலம் குறையக் குறைய கிராபீன் ஆக்சைடு உப்பி ஜெல்லி மாதிரி ஆகும், ஃபில்டர் பேப்பரை அடைத்துக்கொள்ளும். பொறுமை போய் போர்வெல் தண்ணீரில் கழுவுகிறவர்கள் உண்டு. அங்கே நடப்பதைப் பால் திரிவதோடு ஒப்பிடலாம். பாலில் கேசீன் துகள்கள் எதிர்மின் சுமை உள்ளவை, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. எலுமிச்சை பிழிந்தால் சுமை போய்விடும், எல்லாம் கட்டியாகும். கிராபீன் ஆக்சைடும் அதே மாதிரி எதிர்மின் சுமையால்தான் தனித்தனியாக நிற்கிறது. உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியம், மெக்னீசியம் அந்தச் சுமையை அடக்கிவிடும், தகடுகள் சேர்ந்து படிந்துவிடும். வாலைவடிநீர்தான் வேண்டும், அதுவும் நிறைய. சரியாகக் கழுவாததில் இன்னொரு ஆபத்து: பொட்டாசியம் உப்பு மிச்சம் இருக்கிற காய்ந்த கிராபீன் ஆக்சைடு சுலபமாகத் தீப்பிடித்துச் சரசரவென்று எரியும். கிராம் கணக்கில் அடுப்பில் காயவைப்பது வேண்டாம்.

கடைசிக் கட்டம், ஆக்சிஜனை எடுப்பது. முதலில் பயன்பட்டது ஹைட்ரசின், கடும் நச்சு. அதற்குப் பதில் வைட்டமின் சி, அதாவது அஸ்கார்பிக் அமிலம், போதும் என்று பின்னால் தெரிந்தது. இப்போது மாணவர் லேபுகளுக்கு அதுதான் தகுந்தது. பழுப்புத் திரவம் கறுப்பாக மாறும். இங்கே சுரங்கத்தில் பார்த்த அந்தக் குணம் திரும்ப வருகிறது. ஆக்சிஜன் போனதும் தகட்டுக்கு மறுபடி தண்ணீர் பிடிக்காது. ஒன்றோடொன்று ஒட்டி, கறுப்புப் பஞ்சு மாதிரி அடியில் உட்கார்ந்துவிடும். இத்தனை நாள் பாடுபட்டுப் பிரித்தது திரும்பக் கட்டாகிவிடும். 2008-ல் டான் லீ என்பவரும் உடன் ஆய்வாளர்களும் ஒரு வழி சொன்னார்கள்: அம்மோனியா சேர்த்துக் காரத்தன்மையில் வைத்தால் தகட்டு ஓரங்களில் மிச்சம் இருக்கும் அமிலக் குழுக்கள் சுமையோடு நிற்கும், உப்புகள் இல்லாதவரை தகடுகள் பிரிந்தே மிதக்கும். பால் கணக்குதான், திரியாமல் பார்த்துக்கொள்வது.

அப்படியும் கிடைப்பது கிராபீன் இல்லை. ஆக்சிஜன் முழுசாகப் போகாது. வெளியே போகும்போது சில இடங்களில் கார்பனையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு போகும், வலையில் ஓட்டை விழும். அதனால் இதற்குத் தனிப் பெயர்: ஒடுக்கப்பட்ட கிராபீன் ஆக்சைடு. மின்கடத்தல் டேப்பில் பிய்த்த கிராபீன் பக்கத்தில்கூட வராது. சூப்பர் கெபாசிட்டருக்கும் சென்சாருக்கும் வண்ணப்பூச்சுக்கும் தாராளமாகப் போதும். பிரச்சனை பொருளில் இல்லை, பெயரில். தலைப்பில் ‘கிராபீன்’ என்று போட்டு, அறிமுகத்தில் டேப் கிராபீனின் கடத்துதிறனை எழுதி, செய்தது மட்டும் இது என்றால் எக்ஸ்டர்னல் ஒருத்தர் சரியாகக் கேட்டாலே மாட்டிக்கொள்வோம்.

அமிலமே வேண்டாம் என்பவர்களுக்கு மின்வேதி வழி இருக்கிறது. மின்வேதியியல் என்றாலே நம் பக்கத்தில் காரைக்குடிதான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அங்கே இருக்கிறது. கிராஃபைட் சுரங்கமும் இந்த ஆய்வகமும் ஒரே சிவகங்கை மாவட்டத்தில் அமைந்தது நல்ல பொருத்தம். முறை இதுதான்: அம்மோனியம் சல்பேட் கரைசலில் கிராஃபைட் தகட்டை நேர்மின் முனையாக வைத்து 10 வோல்ட் மாதிரி கொடுப்பது. சல்பேட்டும் தண்ணீரும் அடுக்குகளுக்குள் நுழைந்து அங்கேயே வாயுவாகிப் பிளந்து தள்ளும். நிமிடக் கணக்கில் தகடு உதிரும். இதிலும் ஒற்றை அடுக்கு, நாலு அடுக்கு, நாற்பது அடுக்கு எல்லாம் கலந்துதான் வரும். திரும்பவும் சென்ட்ரிஃபியூஜ்.

அப்புறம் வாழைத்தோல். இந்தப் பள்ளத்தாக்கில் வாழைக்கும் தென்னைக்கும் பஞ்சமில்லை, அதனால் ஆசை வருவது இயல்பு. ஆனால் தோலையோ சிரட்டையையோ 800, 900 டிகிரியில் கரியாக்கினால் கிடைப்பது ஒழுங்கற்ற கார்பன். ரோசலிண்ட் ஃபிராங்க்ளின், டி.என்.ஏ. எக்ஸ்ரே படத்துக்குப் பெயர்போனவர், அதற்கு முன்பு கரியைத்தான் ஆராய்ந்தார். சில கரிகள் சூடேற்றினால் கிராஃபைட்டாக மாறும், சில 3,000 டிகிரிக்குக் கொண்டுபோனாலும் மாறாது என்று 1951-ல் காட்டினார். சிரட்டைக்கரி இரண்டாவது ஜாதி. நுண் அடுக்குகள் கசங்கிய காகிதம் மாதிரி குறுக்கும் நெடுக்கும் இறுகிக் கிடக்கும். நேராக அடுக்கி நிற்க வழியில்லை. அடுக்கே இல்லாததில் இருந்து எந்த அடுக்கைப் பிரிப்பது? 2020-ல் டூர் குழு உணவுக் கழிவில் இருந்துகூட கிராபீன் எடுத்தது உண்மை. ஆனால் அது கரைசல் வேலை இல்லை, மின்சாரத்தைப் பாய்ச்சி ஒரு நொடிக்குள் 3,000 கெல்வின் அளவுக்கு ஏற்றுகிற வேலை. மஃபிள் ஃபர்னஸில் வைத்து எடுத்தது ஆக்டிவேட்டட் கார்பன். அது கேவலமான பொருள் இல்லை. நன்றாகச் செய்தால் ஒரு கிராமுக்கு ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் உள்பரப்பு கிடைக்கும், கெபாசிட்டரில் ஜோராக வேலை செய்யும். அந்தப் பெயரிலேயே ரிப்போர்ட் எழுதலாமே.

எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எக்ஸ்.ஆர்.டி.யில் கிராஃபைட்டுக்கு 26.5 டிகிரியில் கூர்மையான சிகரம் இருக்கும். ஆக்சிஜனேற்றம் முழுமையாக நடந்தால் அது மறைந்து 10, 11 டிகிரி பக்கம் ஒன்று எழும். 26.5 அப்படியே நின்றால் உங்கள் கிராஃபைட் மாறவே இல்லை. யு.வி.யில் கிராபீன் ஆக்சைடு 230 நானோமீட்டரில் உறிஞ்சும், ஒடுக்கம் நடந்தால் 270-க்கு நகரும். இந்த இரண்டும் பல காலேஜ்களில் கிடைப்பவை. ஆனால் இவை அடுக்கு எண்ணிக்கையைச் சொல்லாது. அதற்கு ராமன் நிறமாலை வேண்டும். திருச்சியில் பிறந்த சி.வி.ராமன் 1928-ல் கண்ட விளைவுதான் இன்று கிராபீனுக்கு ஆதார் கார்டு. 1,580-ல் ஜி பட்டை எல்லா கிராஃபைட் வகையிலும் வரும். 1,350-ல் டி பட்டை வந்தால் வலையில் குறை இருக்கிறது. 2,700-ல் வருவதைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும்: ஒற்றை அடுக்கில் அது ஒல்லியாக, ஜி-யைவிட உயரமாக நிற்கும், கிராஃபைட்டில் குட்டையாகி, தோளோடு விரிந்திருக்கும். ஒரே ஒரு செதிலில் எடுத்த நிறமாலையை வைத்து மொத்த பாட்டிலுக்கும் பட்டம் கொடுக்கிற வழக்கமும் உண்டு. நூறு செதிலில் பார்த்து, அதில் எத்தனை ஒற்றை, எத்தனை பத்துக்கு மேல் என்று எண்ணினால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். சர்வதேசத் தரநிலைப்படி பத்து அடுக்கு வரைதான் கிராபீன் குடும்பத்தில் சேர்த்தி. சிங்கப்பூர்க் குழு செய்ததும் அடிப்படையில் இந்த எண்ணும் வேலைதான்.

இதுவரை சொன்னது எல்லாம் ஏற்கெனவே அடுக்காக இருந்ததைப் பிரிப்பது. இயற்கையில் அடுக்கே இல்லாத தனிமத்தை என்ன செய்வது? சிலவற்றைக் கரைசலிலேயே தட்டையாக வளர்க்கலாம். 2018-ல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் டெல்லூரியத்தை அப்படி வளர்த்தார்கள். சோடியம் டெல்லுரைட்டை ஹைட்ரசினால் ஒடுக்கும்போது பி.வி.பி. என்ற பாலிமரையும் சேர்த்தார்கள். டெல்லூரியம் இயல்பாகச் சுருள் சங்கிலியாக நீளும். பாலிமர் படிகத்தின் சில முகங்களில் ஒட்டிக்கொண்டு அந்தப் பக்கம் தடிக்க விடாமல் தடுக்க, படிகம் நாளடைவில் அகலத் தகடாக விரிந்தது. கனம் சில நானோமீட்டர்.

தங்கம் இன்னும் பிடிவாதம். நகைப் பட்டறையில் ராஜதிராவகத்தில் தங்கத்தைக் கரைப்பது தெரிந்ததுதான். அந்தக் கரைசலை ஒடுக்கினால் தகடு வராது, ஒயின் சிவப்பில் குட்டிக் குட்டி உருண்டைகள் வரும். உலோகப் பிணைப்புக்குத் திசை கிடையாது. அணுக்கள் எல்லாப் பக்கமும் கூட்டாளி தேடும், உருண்டைதான் அதற்கு வசதி. தட்டித் தட்டி மெலிதாக்கினாலும், தஞ்சாவூர் ஓவியத்தில் ஒட்டும் ரேக்கை விட மெல்லிசாக அடித்த 100 நானோமீட்டர் தகட்டில்கூட 400-க்கு மேற்பட்ட அணு அடுக்கு இருக்கும்.

2024 ஏப்ரலில் ஸ்வீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகக் குழு ஒற்றை அணுத் தங்கத் தகட்டை அறிவித்தது, பெயர் கோல்டீன். அவர்கள் போன வழி சுற்று வழி. டைட்டானியம், சிலிக்கான், கார்பன் அடுக்கடுக்காக இருக்கும் ஒரு செராமிக்கில் சிலிக்கான் இருந்த இடத்தில் சூட்டில் தங்கம் புகுந்துகொண்டது. உயர் வெப்பத்துக்கான மின்இணைப்புகளை ஆராயும்போது 2017 வாக்கில் இந்தக் குழுவினர் கண்டது அது. இப்போது தங்கம் ஒரே அணு கனத்தில் டைட்டானியம் கார்பைடுக்கு நடுவே சிறைப்பட்டிருக்கிறது. சுவரைக் கரைத்துவிட்டால் தங்கம் வெளியே வரும். அதற்கு எடுத்தது முரகாமி கரைசல், ஜப்பானியக் கொல்லர்கள் நூறு வருஷமாக எஃகைச் சோதிக்கப் பயன்படுத்தும் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் காரமும் கலந்த திரவம். வெளியே வந்த தகடு உடனே சுருண்டு உருண்டையாகப் பார்க்கும். அதைத் தடுக்க நீள வால் உள்ள சோப்பு மூலக்கூறுகளைச் சேர்த்தார்கள். அணுக்களுக்கு இடைவெளி கட்டித் தங்கத்தைவிட 9 சதவீதம் சுருங்கியிருந்தது. அந்தக் கணக்குப்படி ஒரு பவுனை விரித்தால் 35 சென்ட்டுக்கு மேல் வரும்.

கரைசல் எவ்வளவு நீர்த்து இருந்ததோ, எத்தனை நாள் விட்டார்களோ, அந்த அளவுக்குத் தகடு நன்றாக வந்தது. ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம், பல மாதம் என்று வைத்துப் பார்த்தார்கள். எல்லாம் இருட்டில். ஃபெர்ரிசயனைடு கரைசலில் வெளிச்சம் பட்டால் சயனைடு உருவாகும், அது தங்கத்தையே கரைத்துவிடும். இந்தப் பகுதியை வாசித்துவிட்டு லேபில் முயற்சி செய்யக் கிளம்ப வேண்டாம்; அந்தச் சயனைடு தங்கத்தோடு நிறுத்திக்கொள்ளாது.